ஆப்பிளுக்குள் ஒளிந்திருக்கும் விஷம்! அழுகிய இடத்தைச் சீவி எறிந்தாலும் போகாது

பூசணத்தின் அங்க அடையாளம் என்ன? ஆய்வுக்கூடத்தில் துப்பு துலங்கும் விதம்

சென்னை கோயம்பேடு பழ மார்க்கெட்டில் பொழுது சாய்ந்தால் ஒரு தனி வியாபாரம் தொடங்கும். அதுதான் கூறு வியாபாரம்.

காலையில் பெட்டி பெட்டியாகப் போன பழத்தில் கழித்துக் கட்டியது எல்லாம் சாயங்காலம் சாக்கு மேல் வந்து உட்காரும். அடிபட்டது, நசுங்கியது, ஒரு பக்கம் கன்றிப்போனது, காம்போரம் பூசணம் பூத்தது. ஐந்தாறு பழம் சேர்ந்தால் ஒரு கூறு. பெரிய கடையில் ஒரு ஆப்பிள் வாங்கும் காசுக்கு இங்கே ஒரு கூறே கிடைக்கும். கூலி வேலை முடித்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு, பிள்ளைக்கு ஆப்பிள் கொடுக்க இதுதான் வழி.

அங்கே தினமும் கேட்கிற பேச்சு இது:

"ஏம்பா, இதுலே பூசணம் இருக்கே?"

"அதை மட்டும் கிள்ளிப் போட்டுடும்மா. மத்தது கல்கண்டு!"

அந்த அம்மாளும் கிள்ளித்தான் போடுவார். பாதிப் பழம் குப்பைக்குப் போகும். மீதிப் பாதி பிள்ளை வாய்க்குப் போகும்.

ஜூஸ் கடை என்றால் இந்தப் பேச்சுகூட கிடையாது. உள்ளே இருக்கிற பையன் கெட்ட இடத்தைக் கத்தியால் சீவுவான். மிச்சத்தை மிக்சியில் போடுவான். சர்க்கரையும் ஐசும் சேர்ந்து கண்ணாடி டம்ளரில் வரும்போது எது நல்ல பழம், எது சீவின பழம் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

கிள்ளிப் போட்டது பூசணம். ஆனால் அந்தப் பூசணம் பழத்துக்குள் விட்டுப்போன சரக்கு ஒன்று இருக்கிறது. அதைக் கிள்ளவும் முடியாது, கண்ணால் பார்க்கவும் முடியாது. அதன் பெயர் பட்டுலின்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

நீலச்சட்டை ஆசாமி

ஆப்பிளை அழுக வைக்கிற பூசணங்கள் பல உண்டு. அவற்றில் முதல் நம்பர் ஆசாமி "பெனிசிலியம் எக்ஸ்பான்சம்". பழ வியாபாரிகளுக்கு இவன் பழக்கமானவன்தான், பெயர்தான் தெரியாது. "நீலப் பூசணம்" என்றால் தெரிந்துகொள்வார்கள்.

இவன் நல்ல தோலை உடைத்துக்கொண்டு உள்ளே வரமாட்டான். வாசல் திறந்திருக்க வேண்டும். காஷ்மீரிலும் இமாசலப் பிரதேசத்திலும் பறித்த ஆப்பிள் பெட்டியில் அடைபட்டு, லாரியில் குலுங்கி, சென்னை வருவதற்குள் எத்தனை இடி! நகம் கீறிய இடம், காம்பு குத்திய இடம், பெட்டி விளிம்பில் நசுங்கிய இடம், ஏதாவது ஒன்று போதும். பூசண வித்துத் தூள் காற்றிலே மிதந்துகொண்டுதான் இருக்கிறது. காயத்தில் விழுந்தால் முளைக்கும்.

முதலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளிர் பழுப்பாக ஒரு வட்டம் தெரியும். தொட்டால் சொதசொத என்று இருக்கும். விரலால் வழித்தால் அந்த இடம் மட்டும் கரண்டியால் எடுத்தது மாதிரி தனியாக வரும். அதன்மேல் முதலில் வெள்ளைப் பஞ்சு. பிறகு அது நீலமும் பச்சையும் கலந்த பொடியாக மாறும். மோந்து பார்த்தால் மழை பெய்த மண் வாடை. இவ்வளவும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் ஆள் அவன்தான்.

குளிர்சாதனக் கிடங்கில் வைத்தால் அடங்கிவிடுவான் என்று நினைத்தால் அதுவும் தப்பு. தண்ணீர் உறையும் குளிரிலும் மெதுவாக வளரக்கூடியவன். அதனால்தான் மாதக்கணக்கில் கிடங்கில் இருந்த ஆப்பிளில் இவன் தொல்லை அதிகம்.

பட்டுலின் என்பது இவன் வளரும்போது கக்கும் கழிவு. அழுகிய இடத்தில்தான் அது அதிகமாக இருக்கும். ஆனால் அங்கேயே நிற்காது. பக்கத்துச் சதையில் ஒன்று, இரண்டு சென்டி மீட்டர் தூரம் வரை ஊறிப் போயிருப்பதை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்தச் சதை பார்வைக்கு வெள்ளை வெளேர் என்று இருக்கும். ஜூஸ் கடைப் பையன் அழுகலை ஒட்டினாற்போலத்தான் சீவுகிறான்.

இதைவிட மோசம், வெளியே பளபள, உள்ளே பூசணம் என்ற வகை. "ரெட் டெலிசியஸ்" போன்ற ரகங்களில் அடிப்பக்கத்துப் பூமுனை சில பழங்களில் சரியாக மூடியிருக்காது. அந்த ஓட்டை வழியாகப் பூசணம் நேராக விதை அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே ஒரு கீறல்கூட இருக்காது. வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். வெட்டாமல் முழுசாக அரைக்கிற இடத்தில் அது தெரிய வழியே இல்லை.

ஒரு டம்ளர் கணக்கு

பட்டுலின் குடித்தவுடன் ஆளைச் சாய்க்கிற விஷம் அல்ல. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வயிற்றுப் புரட்டல், குமட்டல், வாந்தி ஆகியவைதான் இதன்மேல் சொல்லப்படும் புகார். அதிக அளவு கொடுத்த ஆய்வுக்கூட எலிகளின் குடலும் இரைப்பையும் புண்ணானது தெரியவந்தது. மனிதனுக்குப் புற்றுநோய் தருமா என்ற கேள்விக்கு, "தரும் என்று வகைப்படுத்த ஆதாரம் போதாது" என்பதே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் தீர்ப்பு.

ஆனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால்? அதற்காகத்தான் ஒரு வரம்பு கட்டினார்கள். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 1995-ல் ஒரு கணக்குச் சொன்னது. உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.4 மைக்ரோ கிராமுக்கு மேல் போகக்கூடாது. மைக்ரோ கிராம் என்பது ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு.

ஆப்பிள் ஜூசில் ஒரு கிலோவுக்கு 50 மைக்ரோ கிராம் வரை இருக்கலாம் என்று இந்தியச் சட்டம் விட்டிருக்கிறது. சர்வதேச அளவும் இதுதான்.

இப்போது பிள்ளைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாள் வரம்பு 4 மைக்ரோ கிராம். சட்டம் அனுமதித்த உச்ச அளவு பட்டுலின் உள்ள ஜூசாக இருந்தால் 80 மில்லி குடித்தாலே அந்த வரம்பு தீர்ந்துபோகும். 80 மில்லி என்பது அரை டம்ளர்கூட இல்லை. அப்பாவுக்கு 60 கிலோ என்றால் அவர் ஏறக்குறைய அரை லிட்டர் குடிக்கலாம். ஆப்பிள் ஜூசை அப்பாவா குடிக்கிறார்? பிள்ளைக்குத்தானே வாங்குகிறார்!

ஒருநாள் கூடிப்போனால் பிள்ளைக்கு ஆபத்து என்று இதற்கு அர்த்தம் இல்லை. வாழ்நாள் பூராவும் தினமும் குடித்தாலும் கெடுதல் வராத அளவாகப் பார்த்துப் போட்ட வரம்பு அது. இருந்தாலும் ஐரோப்பிய நாடுகளில் குழந்தைகளுக்கென்று விற்கும் ஆப்பிள் உணவுக்கு 50 கிடையாது, 10-தான்.

கொதிக்க வைத்தால் போகுமா? போகாது. புளிப்பான ஜூசில் பட்டுலின் கெட்டியாக நிற்கும். பாட்டிலில் அடைக்கும்முன் காய்ச்சும் சூட்டில் கொஞ்சம் குறையுமே தவிர ஒழியாது. விசித்திரம் என்னவென்றால், ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்து மதுவாக்கினால் இந்த விஷம் பெரும்பகுதி காணாமல் போய்விடுகிறது. அதற்காகப் பிள்ளைக்கு அதைக் கொடுக்க முடியுமா?

மருந்தாக வந்த விஷம்

இந்தப் பட்டுலினுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

இரண்டாவது உலகப்போர் நடந்த சமயம். பெனிசிலின் என்ற பூசண மருந்து உலகத்தையே கலக்கிக்கொண்டிருந்தது. எந்தப் பூசணத்தில் எந்த மருந்து இருக்குமோ என்று விஞ்ஞானிகள் தேடாத இடம் இல்லை. அப்போது இங்கிலாந்தில் ராயிஸ்ட்ரிக் என்ற விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும் பட்டுலினைப் பிரித்து எடுத்தார்கள். கிருமியைக் கொன்றது. ஜலதோஷத்துக்கு நல்ல மருந்து என்று 1943-ல் செய்தி வெளியானது.

நாடே பரபரப்பானது. ஜலதோஷத்துக்கு மருந்து என்றால் சும்மாவா! தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் ஜலதோஷம் பிடித்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அரசு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சோதனை நடத்தியது. ஒரு பாதிப் பேருக்குப் பட்டுலின் கரைசல். மறுபாதிக்கு வெறும் கரைசல். யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. 1944-ல் முடிவு வந்தது. பட்டுலின் மூக்கில் விட்டவருக்கும் விடாதவருக்கும் ஜலதோஷம் ஒரே மாதிரிதான் போயிற்று.

பிறகு ஆராய்ந்ததில் அது கிருமியை மட்டும் அல்ல, பிராணிகளின் உடம்பையும் பதம்பார்க்கும் என்று தெரிந்தது. மருந்துப் பட்டியலிலிருந்து பெயர் அடிபட்டு விஷப் பட்டியலில் ஏறியது.

இதே குடும்பத்தில்தான் நல்லவனும் பிறந்தான். அமெரிக்காவில் பியோரியா என்ற ஊர் சந்தையில் 1943-ல் பூசணம் பூத்த முலாம்பழம் ஒன்று ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. அதிலிருந்து எடுத்த பெனிசிலியம்தான் பெனிசிலின் மருந்தைப் பெருவாரியாகத் தயாரிக்க வழிகாட்டியது. ஒரே வீட்டில் போலீசும் திருடனும் மாதிரி!

அதனால் "பூசணம் என்றாலே விஷம்" என்று சொல்வதும் தப்பு, "பூசணம்தானே, ஒண்ணும் ஆகாது" என்று சொல்வதும் தப்பு. எந்தப் பூசணம் என்பதுதான் கேள்வி.

யார் சாது, யார் கேடி?

சாத்துக்குடி, ஆரஞ்சு, எலுமிச்சைப் பழங்களில் பச்சைப்பொடி பூத்திருப்பதைப் பார்க்காதவர் இல்லை. சுற்றிலும் அகலமாக வெள்ளைக் கரை, நடுவில் பாசிப்பச்சைப் பொடி. தொட்டால் புகையாகப் பறக்கும். இவன் பெயர் "பெனிசிலியம் டிஜிட்டேட்டம்". ஆப்பிள்காரனுக்குப் பங்காளிதான். ஆனால் இவன் பட்டுலின் செய்வதில்லை. வேறு முக்கியமான விஷமும் இவன் மேல் நிரூபணம் ஆகவில்லை. பழத்தை நாசம் செய்வான், வியாபாரிக்கு நஷ்டம் வைப்பான், அத்தோடு சரி. அந்தப் பழம் தின்ன லாயக்கில்லை என்பது வேறு விஷயம்.

மாம்பழத்தில் கரும்புள்ளி விழுவது "கொலட்டோட்ரைக்கம்" என்பவன் வேலை. இவன் பொல்லாத பொறுமைசாலி. பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே தோலில் ஒட்டிக்கொள்வான். காய் பச்சையாக இருக்கும்வரை மூச்சுக் காட்டமாட்டான். பழுத்த பிறகு புள்ளி புள்ளியாகத் தலைகாட்டுவான். தோட்டத்தில் பார்த்து வாங்கிய மாங்காய் வீட்டு வைக்கோலில் கறுத்துப்போவது இதனால்தான். விற்றவரைத் திட்டிப் பயனில்லை. காம்பு முனையிலிருந்து கறுத்து வழிந்தால் அது "லாசியோடிப்ளோடியா" என்கிற இன்னொருத்தன். பலாப் பிஞ்சைக் கறுப்புப் பஞ்சால் மூடி உதிரவைப்பவன் "ரைசோபஸ்".

வாழைப்பழத் தோலில் விழுகிற பழுப்புப் புள்ளியைப் பார்த்துப் பூசணம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நன்றாகக் கனிந்த பழத்தில் அது பெரும்பாலும் கனிவின் அடையாளம்தான். பாவம், நிரபராதி.

இனி கேடிகள்.

திராட்சைக் குலையில் வெடித்த பழத்தின்மேல் அடுப்புக்கரி தூவியது மாதிரி கறுப்புப் பொடி இருந்தால் அது "ஆஸ்பர்ஜில்லஸ்" கூட்டம். வெங்காயத் தோலுக்கு அடியில் இருக்கிற கறுப்புப் பொடியும் இதே கூட்டம்தான். இதில் "கார்பனேரியஸ்" என்ற உறுப்பினர் ஆக்ரடாக்சின் என்ற விஷத்தைச் செய்கிறான். இது சிறுநீரகத்தைக் குறிவைக்கும் விஷம். 1965-ல் தென்னாப்பிரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒயினிலும் உலர்ந்த திராட்சையிலும் இது இருப்பது பின்னால் தெரியவந்தது. கறுப்புப் பொடி எல்லாம் கார்பனேரியஸ் அல்ல என்பதுதான் சிக்கல். அதே மாதிரி கறுப்பாக இருக்கும் "நைஜர்" வகையில் சில மட்டுமே விஷம் செய்யும். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

தக்காளியும் பழம்தான். வெடித்த தக்காளியில் குழி விழுந்து வெல்வெட் துணி மாதிரி கறுத்திருந்தால் "ஆல்டர்னேரியா". இவனிடம் டெனுவசோனிக் அமிலம், ஆல்டர்னேரியால் என்று இரண்டு மூன்று சரக்கு இருக்கிறது. சாயங்காலம் மலிவாகப் போகும் கூழ்த் தக்காளியைச் சட்னிக்கு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது இவனை.

எல்லாருக்கும் மேலே இருப்பவன் "ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ்". மஞ்சள் கலந்த பச்சைப் பூசணம். வெயில் காலமும் புழுக்கமும் இவனுக்குக் கொண்டாட்டம். உலர்ந்த அத்திப்பழம், நிலக்கடலை, மக்காச்சோளம், கொப்பரை எதுவும் இவனுக்கு விலக்கல்ல. இவன் செய்வது அப்ளாடாக்சின். பட்டுலின் அடிதடி கேஸ் என்றால் இது கொலைக் கேஸ்.

1960-ல் இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வான்கோழிக் குஞ்சுகள் திடீர் திடீரென்று செத்தன. காரணம் தெரியாமல் "வான்கோழி எக்ஸ் நோய்" என்று பெயர் வைத்தார்கள். விசாரித்துப் போனால் பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றது. பிண்ணாக்கில் பிளேவஸ் பூசணம். அதன் பெயரிலிருந்தே விஷத்துக்கும் பெயர் வைத்தார்கள்.

துப்பு துலங்கும் விதம்

அழுகிய பழம் ஒன்று ஆய்வுக்கூடத்துக்கு வந்தால் என்ன செய்கிறார்கள்?

நடு அழுகலை எடுக்கமாட்டார்கள். அங்கே உண்மையான குற்றவாளியோடு, செத்த இடத்தில் கூடிய ஈயும் எறும்பும் மாதிரி வேடிக்கை பார்க்க வந்த கிருமிகளும் கலந்திருக்கும். அழுகலும் நல்ல சதையும் சந்திக்கிற ஓரத்தில்தான் குற்றவாளி முன்னேறிக்கொண்டிருப்பான். அந்த ஓரத்தில் துண்டு துண்டாக வெட்டுவார்கள். சலவைக்குப் போடும் மருந்து மாதிரியான குளோரின் கரைசலில் ஒரு நிமிடம் முக்கி, நல்ல தண்ணீரில் அலசுவார்கள். மேலே ஒட்டியவை எல்லாம் போய், உள்ளே புகுந்தவன் மட்டும் மிஞ்சுவான்.

அதைக் கண்ணாடித் தட்டில் தீவனத்தின்மேல் வைப்பார்கள். தீவனம் என்னவென்றால் உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீர், குளுக்கோஸ், உறைவதற்குக் கடல்பாசி. கிட்டத்தட்ட நோன்புக் காலத்துக் கடல்பாசி ஜெல்லி மாதிரிதான். 25 டிகிரி சூட்டில் ஐந்து முதல் ஏழு நாள். தட்டு முழுதும் பூசணம் படரும். மேலே என்ன நிறம், அடியில் என்ன நிறம், விளிம்பு எப்படி, எத்தனை நாளில் எத்தனை மில்லி மீட்டர் என்று அங்க அடையாளம் எழுதுவார்கள்.

பிறகு ஒரு துளி எடுத்து நீலச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் முகம் தெரியும்.

பெனிசிலியம் என்றால் விரித்துப் பிடித்த சின்னத் தூரிகை மாதிரி இருக்கும். அந்தப் பெயருக்கு அர்த்தமே தூரிகை என்பதுதான். ஆஸ்பர்ஜில்லஸ் அப்படியே பன்னீர்ச் செம்பு! நீளக் காம்பு, மேலே குமிழ், குமிழைச் சுற்றிலும் துளித்துளியாக வித்து. 1729-ல் இதற்குப் பெயர் வைத்தவர் மிகேலி என்ற இத்தாலியப் பாதிரியார். மாதா கோவிலில் தீர்த்தம் தெளிக்கும் கருவிதான் அவர் நினைவுக்கு வந்தது. நம்மவர் பார்த்திருந்தால் கல்யாண வாசல் நினைவுக்கு வந்திருக்கும். ஆல்டர்னேரியாவின் வித்து பீமன் கையில் இருக்கிற கதை மாதிரி, உள்ளே கட்டம் கட்டமாக. பியூசேரியம் என்பவனுக்குத் தோணி மாதிரி வளைந்த வித்து. ரைசோபஸ் குண்டூசி.

முகம் பார்த்தால் மட்டும் கேஸ் நிற்காது. நல்ல பழம் ஒன்றைக் கீறி, தட்டில் வளர்ந்த பூசணத்தை அதில் வைப்பார்கள். அதே மாதிரி அழுக வேண்டும். அழுகிய இடத்திலிருந்து மறுபடியும் எடுத்தால் அதே பூசணம் வரவேண்டும். ஸ்தலத்துக்கு அழைத்துப் போய் நடித்துக் காட்டச் சொல்கிற மாதிரிதான் இதுவும்.

நைஜரா, கார்பனேரியசா என்பது போன்ற இரட்டைப் பிறவி வழக்கென்றால் மைக்ராஸ்கோப்பும் தடுமாறும். அப்போது டி.என்.ஏ. சோதனை. குறிப்பிட்ட சில மரபணுத் துண்டுகளைப் படித்து, பட்டியலில் உள்ளவற்றோடு ஒப்பிடுவார்கள். கைரேகைப் பிரிவு செய்கிற அதே வேலை.

அப்ளாடாக்சின் செய்கிறவனா என்று பார்க்க ஒரு எளிய தந்திரமும் உண்டு. தேங்காய்ப் பால் கலந்த தீவனத்தில் வளர்த்து, இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால் விஷம் செய்கிறவனைச் சுற்றி நீல ஒளி தெரியும். துருக்கி நாட்டில் உலர்ந்த அத்திப்பழத்தை ஏற்றுமதி செய்யுமுன் இதே மாதிரி இருட்டில் விளக்கடியில் ஓடவிட்டுப் பொறுக்குகிறார்கள். மஞ்சள் பச்சையாக மின்னுகிற பழம் கழிக்கப்படும். அங்கே மின்னுவது அப்ளாடாக்சின் அல்ல. அதே பூசணம் செய்கிற கோஜிக் அமிலம் என்ற கூட்டாளியால் வருகிற ஒளி அது. கூட்டாளியை வைத்து முதலாளியைப் பிடிக்கிறார்கள்.

ஆள்மாறாட்டம்

பூசணத்தைப் பிடித்துவிட்டால் விஷத்தைப் பிடித்ததாக ஆகாது. பூசணம் இருந்தும் விஷம் இல்லாமல் இருக்கலாம். வடிகட்டிப் பாட்டிலில் அடைத்த ஜூசில் பூசணம் ஒரு இழைகூட இல்லாமல் விஷம் மட்டும் இருக்கலாம். ஆகவே விஷத்தைத் தனியாகத் தேடவேண்டும்.

ஜூசிலிருந்து விஷத்தை மட்டும் பிரித்தெடுத்து, மெல்லிய குழாய் வழியாக அழுத்தத்தில் ஓடவிடும் கருவியில் ஏற்றுவார்கள். ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும். வரும் நேரத்தையும், அது விழுங்கும் ஒளியையும் வைத்து ஆளை அடையாளம் சொல்லலாம்.

பட்டுலின் வழக்கில் இங்கேதான் ஆள்மாறாட்டம் நடக்கிறது. பழச்சாற்றைச் சூடாக்கினால் அதில் உள்ள சர்க்கரையிலிருந்து எச்.எம்.எப். என்ற பொருள் தானாக உண்டாகும். அது ஏறக்குறைய பட்டுலின் வருகிற நேரத்திலேயே வரும், ஒளியையும் அதே மாதிரி விழுங்கும். அனுபவம் இல்லாதவர் கையில் அகப்பட்டால் நல்ல ஜூசும் குற்றவாளியாகிவிடும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் கையெழுத்துப் போட்டால்தான் அறிக்கை கோர்ட்டில் நிற்கும்.

106 சாவு

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பயம், நம்ம ஊரிலே யார் செத்தார்கள்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

செத்தார்கள். பழத்தில் அல்ல, மக்காச்சோளத்தில்.

1974-ம் ஆண்டுக் கடைசி. ராஜஸ்தானில் பன்ஸ்வாரா, குஜராத்தில் பஞ்சமகால். இரண்டும் அக்கம்பக்கத்து மாவட்டங்கள், மலைவாழ் மக்கள் வாழும் பகுதி. அறுவடை நேரத்தில் பருவம் தவறி மழை கொட்டியது. கதிரிலேயே பூசணம் பிடித்தது. வேறு தானியம் வாங்க வழியில்லாத ஏழைகள் அதையே அரைத்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள்.

மஞ்சள் காமாலை வந்தது. வயிறு நீர்கோத்துப் பெருத்தது. முதலில் தொற்றுக் காமாலை என்றுதான் நினைத்தார்கள். ஆனால் அந்த வீடுகளில் அதே ரொட்டியைத் தின்ற நாய்களும் வயிறு பெருத்துச் செத்தன. மனிதருக்கு வரும் தொற்றுக் காமாலை நாய்க்கு ஏன் வரவேண்டும்? சந்தேகம் சாப்பாட்டின் மேல் திரும்பியது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவன விஞ்ஞானிகள் போய் மக்காச்சோளத்தைச் சோதித்தார்கள். பிளேவஸ் பூசணமும் அப்ளாடாக்சினும் அகப்பட்டன. நோய் கண்டவர்கள் 397 பேர். இறந்தவர்கள் 106 பேர்.

ரொட்டி சுடும் சூட்டுக்கும் அந்த விஷம் மசியவில்லை. அப்ளாடாக்சின் சிதைய 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ரசம் கொதிப்பது 100 டிகிரியில்.

கரும்பிலும் இப்படி ஒன்று உண்டு. வட சீனாவில் குளிர்காலம் முழுதும் அடுக்கி வைத்திருந்த கரும்பில் "ஆர்த்ரினியம்" என்ற பூசணம் பிடித்தது. உள்ளே சிவந்து, புளித்த வாடை அடித்த அந்தக் கரும்பைக் கடித்துத் தின்றவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள். 1972-க்கும் 1989-க்கும் இடையில் 884 பேர் பாதிக்கப்பட்டார்கள். 88 பேர் இறந்தார்கள். மூளையைத் தாக்கும் விஷம் அது. சென்னைத் தெருமுனையில் பிழிவது மாதக்கணக்கில் கிடந்த கரும்பு அல்ல. இருந்தாலும் பிழியுமுன் வெட்டுவாயைப் பார்த்து, சிவந்திருந்தால் "வேற கரும்பு போடுப்பா" என்று சொல்வதில் தப்பில்லை.

சட்டத்தில் இடம் இருக்கிறது

2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அதிகாரி எந்தக் கடையிலும் மாதிரி எடுக்கலாம். எடுத்ததை நாலு பங்கு போட்டு முத்திரை வைக்கவேண்டும். ஒரு பங்கு பகுப்பாய்வாளருக்கு. இரண்டு பங்கு மேலதிகாரியிடம் பத்திரமாக. கடைக்காரர் கேட்டால் நாலாவது பங்கு அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வுக்கூடத்துக்கு. பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை கொடுக்கவேண்டும். கேடான உணவால் உயிர் போனது என்று நிரூபணம் ஆனால் குறைந்தது 7 வருடம் சிறை, ஆயுள் தண்டனை வரை போகும்.

பாட்டில் ஜூசுக்கு இது சரி. கிடங்கில் இருக்கிற பாட்டிலைத் திரும்பப் பெறலாம். கண்ணெதிரே பிழிந்த ஜூசுக்கு? 14-ம் நாள் அறிக்கை வரும்போது குடித்தவர் அதை மறந்தே போயிருப்பார்.

கோடை வந்தால் "கார்பைடு வைத்துப் பழுக்க வைத்த மாம்பழம் பறிமுதல்" என்ற செய்தி தவறாமல் வருகிறது. அது வரவேண்டியதுதான், கார்பைடு தடை செய்யப்பட்டது. கார்பைடு கல்லைக் கையில் எடுத்துக் காட்டலாம், போட்டோ பிடிக்கலாம். பட்டுலினைப் போட்டோ பிடிக்க முடியாது. அதனால்தானோ என்னவோ அழுகிய பழத்தின் மேல் யார் பார்வையும் விழுவதில்லை.

கத்தி எந்தப் பக்கம்?

வீட்டில் என்ன செய்யலாம்?

ஆப்பிளில் அடிபட்டு லேசாகக் கன்றிய இடம் மட்டும் இருந்தால் பயம் வேண்டாம், அது காயம்தான், பூசணம் அல்ல. வெட்டிவிட்டு அன்றே தின்னலாம். சொதசொத என்று அழுகி, பஞ்சோ பொடியோ தெரிந்தால் முழுப் பழமும் போகட்டும். ஜூசுக்கும் ஜாமுக்கும் அப்படிப்பட்ட பழத்தைத் தொடவே கூடாது. திராட்சை, தக்காளி, பப்பாளி மாதிரி நீர்ச்சத்துள்ள மெத்தென்ற பழத்தில் பூசணம் இழை எங்கே ஓடியிருக்கும் என்று சொல்ல முடியாது. அந்தப் பழத்தைக் கிள்ளிப் பார்க்கிற வேலையே வேண்டாம். ஆப்பிளைப் பிள்ளைக்குக் கொடுக்குமுன் நடுவே பிளந்து விதை அறையை ஒருதரம் பார்த்துவிட வேண்டும்.

பூசணப் பழத்தை மூக்கருகே வைத்து மோந்து பார்ப்பது வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்தத் தூள் ஆகாது. கழித்த பழத்தை மாட்டுக்குப் போட்டால் புண்ணியம் என்று நினைக்கிறவர்கள் பிண்ணாக்கு தின்ற வான்கோழியை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பழக்கூடையில் ஒன்று அழுகினால் அதை மட்டும் எடுத்துப் போட்டால் போதாது. அதைத் தொட்டுக்கொண்டிருந்த பழங்களைக் கழுவித் துடைத்து அன்றைக்கே தின்றுவிட வேண்டும். கூடையைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். பிரிட்ஜில் கீழே இருக்கிற காய்கறி டப்பாவும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். அதைக் கடைசியாக எப்போது கழற்றிக் கழுவினோம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டால், வீட்டுக்கார அம்மாவைப் பார்ப்பார்.